ஸ்கூல் லெப்ல சைட் தொறக்கலன்னா என்ன பண்றது, நம்ம மலையகப் புள்ளைங்களுக்கு ஒரு அக்கா சொல்றது

போன மாசம் ஒரு சனிக்கிழம, மழ விடாம பேஞ்சிட்டு இருந்துச்சு, ஏ.எல் படிக்கிற ரெண்டு தம்பிமார் நான் வேல செய்ற கடைக்கு வந்தாங்க. ஹட்டன் டவுன்ல கொம்பியூட்டர் திருத்துற சின்னக் கடை. பென் டிரைவ நீட்டி, "அக்கா, இதுல ஒரு விபிஎன் போட்டுத் தாங்க, ஸ்கூல் லெப்ல எல்லாத்தையும் புளொக் பண்ணி வச்சிருக்காங்க"ன்னாங்க. விபிஎன்னா, நம்ம நெட்ட வேற எடத்து சர்வர் வழியா சுத்தி அனுப்பி புளொக்க தாண்டுற ஆப். என்ன பாக்கணும்னு கேட்டேன், ஐசிடி பாஸ்ட் பேப்பரும் லொஜிக் கேட் வீடியோ ஒண்ணும்னு சொன்னாங்க. லெப் ஸ்கிரீன போட்டோ எடுத்து வச்சிருந்தாங்க, அத பெருசாக்கிப் பாத்தா, "யுவர் கனெக்ஷன் இஸ் நொட் பிரைவேட்"னு இருக்கு, கீழ வலது மூலையில திகதி 2009 ஜனவரி 1. அது புளொக்கே இல்ல. பட்டன் பெட்டரி செத்துப்போன கேஸ்.

இத ஏன் மொதல்ல சொல்றேன்னா, கடைக்கு வர்ற புள்ளைங்க "ஃபில்டர் போட்டுட்டாங்க"ன்னு சொல்றதுல பாதி இப்படித்தான் இருக்கு. மதர்போர்ட்ல சிஆர்2032ன்னு ஒரு வட்டப் பெட்டரி இருக்கும், கரண்ட் இல்லாத நேரம் மணியையும் திகதியையும் ஞாபகம் வச்சிருக்குறது அதுதான். நம்ம பக்கம் காத்தடிச்சா கரண்ட் போகும், லெப்ப தவணை லீவுக்குப் பூட்டி வச்சா வாரக்கணக்குல மெஷின் செத்துக் கெடக்கும், அதுவும் பழைய மெஷின்னா பெட்டரி தீந்துரும். அப்புறம் ஓன் பண்ணுனா திகதி பல வருஷம் பின்னுக்குப் போயிருக்கும். பாதுகாப்பான சைட் ஒவ்வொண்ணும் ஒரு சான்றிதழ் வச்சிருக்கு, அது இந்தத் திகதியில இருந்து இந்தத் திகதி வரைக்கும்தான் செல்லும், கொம்பியூட்டர் 2009ன்னு நெனச்சா அதுக்கு எல்லாச் சான்றிதழும் பொய்யாத்தான் தெரியும், கூகுளே தொறக்காது. திகதிய சரி பண்ணுங்க, தொறக்கும். சேர்கிட்ட சொல்லி பெட்டரிய மாத்துங்க, அது மொபைல் கடையில கூட கெடைக்கும், மாத்த அஞ்சு நிமிஷம் போதும்.

அதனால சைட் தொறக்கலன்னா மொதல் வேல, ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கிறது. அவசரத்துல யாரும் வாசிக்கிறதில்ல. ஸ்கூல் பேரோ ஃபயர்வோல் (லெப்புக்கும் நெட்டுக்கும் நடுவுல நிக்கிற காவல்காரன் மாதிரி) பேரோ போட்டு "இந்தப் பக்கம் தடுக்கப்பட்டுள்ளது"ன்னு வந்தா அது உண்மையான ஃபில்டர், பல நேரம் எந்த வகையில தடுத்திருக்குன்னும் கீழ இருக்கும், "கேம்ஸ்", "சோஷல்", "அன்கெட்டகரைஸ்ட்"னு, அத அப்படியே கொப்பியில எழுதி வச்சுக்கங்க, பின்னால தேவப்படும். "பிரைவேட் இல்ல"ன்னு வந்தா திகதிய பாருங்க. திகதி சரியா இருந்தும் சில சைட் மட்டும் தொறக்கலன்னா மெஷின் ரொம்பப் பழசா இருக்கலாம். விண்டோஸ் 7க்கு மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரியோட சப்போர்ட்ட நிப்பாட்டிருச்சு, குரோம் 2023ல 110ஆவது வெர்ஷன்ல இருந்து அதுல ஓடாது. நம்ம ஸ்கூல்கள்ல இன்னமும் விண்டோஸ் 7 மெஷின் இருக்கு, அது யாரும் தடுத்தது இல்ல, மெஷினுக்கு வயசாயிருச்சு. "சர்வர் கெடைக்கல"ன்னு வந்தா வேற ஒரு சைட்டையும் போட்டுப் பாருங்க, ரெண்டும் வரலன்னா லைன்தான் போயிருக்கு, ரூட்டர்ல லைட்ட பாருங்க.

சரி, உண்மையிலேயே ஃபில்டர்தான்னு வையுங்க. அது எப்படி வேல செய்யுதுன்னு தெரிஞ்சா என்ன கேக்கணும், யார்கிட்ட கேக்கணும்னு வெளங்கும்.

ரொம்ப சிம்பிளானது டிஎன்எஸ் ஃபில்டர். நீங்க ஒரு சைட் பேர அடிச்சா கொம்பியூட்டர் மொதல்ல "இந்தப் பேருக்கு நம்பர் என்ன"ன்னு ஒரு எடத்துல கேக்கும், வெலாசம் கேட்டு வீட்ட கண்டுபுடிக்கிற மாதிரி. ஃபில்டர் அங்கேயே பொய்யான வெலாசத்த குடுத்துரும், இல்ல தெரியாதுன்னு சொல்லிரும். கிளவுட்ஃபிளேர் 2020ல குடும்பங்களுக்குன்னு ஒண்ணு இலவசமா குடுத்துச்சு, 1.1.1.3ன்னு ரூட்டர்ல போட்டா வைரஸ் சைட்டும் ஆபாச சைட்டும் வராது, பாடத்துக்கு வேண்டியத அது பெரும்பாலும் தொடாது. காசில்லாத ஸ்கூலுக்கு இது போதும்னு நான் சொல்வேன்.

அடுத்தது ஃபயர்வோல். அதுல கோடிக்கணக்கான சைட்ட வகை வகையா பிரிச்ச பட்டியல் இருக்கும், அட்மின் எந்த வகைய மூடணும்னு டிக் போடுவாரு. இங்கதான் அநியாயம் நடக்குது, ஏன்னா பட்டியல்ல இல்லாத சைட்டெல்லாம் "வகை தெரியாதது"ன்னு போயிரும், அதையும் சேத்து மூடியிருந்தா தமிழ்ல ஒரு டீச்சர் கஷ்டப்பட்டு செஞ்ச பாடக்குறிப்பு சைட்டும் மூடிக்கும். இங்கிலீஷ் சைட்டுகள வகை பிரிச்ச அளவுக்கு தமிழ் சைட்டுகள யாரும் பிரிச்சு வைக்கல, அடி வாங்குறது தமிழ் மீடியம் புள்ளைங்கதான். இத நெனச்சா எனக்கு இன்னமும் வயிறு எரியும்.

பக்கத்துல கெட்ட சொல் இருக்கான்னு பாத்து தடுக்குறதும் உண்டு. 1996ல இங்கிலாந்துல ஸ்கந்தோர்ப்ங்கிற ஊர்க்காரங்க ஏஓஎல்ங்கிற இன்டர்நெட் கம்பனியில கணக்குத் தொறக்க முடியாம போச்சு, ஊர்ப் பேருக்குள்ள ஒரு கெட்ட வார்த்த ஒளிஞ்சிருந்ததால. நம்ம லெப்ல அதே மாதிரி சுகாதாரப் பாடத்துக்கு மார்புப் புற்றுநோய்னு இங்கிலீஷ்ல தேடுற தங்கச்சிக்கு செவப்புப் பக்கம் வரும், பக்கத்துல இருக்குற பொடியன்கள் சிரிப்பானுங்க, அவ அதோட தேடுறத விட்டுருவா. தங்கச்சி, நீ தப்பா எதுவும் தேடல, மெஷினுக்கு வித்தியாசம் தெரியல, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், யூடியூப் ஏன் ஒட்டுமொத்தமா போகுதுன்னு. பாதுகாப்பான சைட்டுக்குப் போறப்ப ஃபில்டருக்கு சைட் பேர் மட்டும்தான் தெரியும், உள்ளுக்குள்ள எந்த வீடியோன்னு தெரியாது, தெரியணும்னா லெப் மெஷின் ஒவ்வொண்ணுலயும் ஸ்கூலோட சான்றிதழ் ஒண்ண போட்டு வைக்கணும், அந்த வேலைய நம்ம ஸ்கூல்கள்ல யாரு செய்வா. அதனால முழுசா மூடு, இல்ல முழுசா தொறன்னு ஆகிருது. ஆனா நடுவுல ஒண்ணு இருக்கு, அட்மினுக்கே பல பேருக்குத் தெரியாது, யூடியூப்ப டிஎன்எஸ் வழியா கட்டுப்பாட்டு மோட்ல போடலாம், அதுல ஸ்ட்ரிக்ட், மொடரேட்னு ரெண்டு அளவு. யூடியூப் தொறக்குது, ஆனா தேடுனா கொஞ்ச வீடியோதான் வருது, கொமெண்ட் ஒண்ணும் தெரியலன்னா அந்த மோட்லதான் இருக்கு. "சேர், ஸ்ட்ரிக்ட்ல இருந்து மொடரேட்டுக்கு மாத்தித் தர ஏலுமா"ன்னு ஒரு வார்த்த கேளுங்க, நெறைய பாட வீடியோ திரும்பி வரும்.

இப்ப நீங்க கேக்க வந்த விஷயம். குறுக்கு வழி இருக்கா? இருக்கு, மறைக்க மாட்டேன், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கொம்பியூட்டரோட நெட்வேர்க் செட்டிங்ல டிஎன்எஸ்ஸ கூகுளோட 8.8.8.8ன்னு மாத்துறது, கூகுள் டிரான்ஸ்லேட்டுக்குள்ள சைட் லிங்க போட்டு அது வழியா பாக்குறது, இன்டர்நெட் ஆர்க்கைவ்ல பழைய பக்கத்த தேடுறது, வெப் புரொக்ஸி, விபிஎன், போன் ஹொட்ஸ்பொட். மொத மூணும் பெரிய ஆபத்தில்ல, ஆனா சரியா செட் பண்ணுன லெப்ல மாணவர் கணக்குல டிஎன்எஸ் மாத்த விடாது, விட்டாலும் ஃபயர்வோல் அந்தக் கேள்விய வழியிலேயே புடிச்சு தன்கிட்ட திருப்பிக்கும், டிரான்ஸ்லேட்டையும் ஆர்க்கைவையும் பல ஃபயர்வோல் புரொக்ஸி வகையிலயே சேத்து வச்சிருக்கும். ஒரு வாரம் ஓடும், அப்புறம் நின்னுரும்.

வெப் புரொக்ஸி வேற கதை. அந்த சைட்டுல போய் இன்னொரு சைட்ட தொறந்தா நீங்க அடிக்கிறதெல்லாம் நடுவுல இருக்குறவன் கையில போகுது, அதுல ஜிமெயில், பேஸ்புக்னு லொகின் பண்ணுனா பாஸ்வேர்ட தூக்கிக் குடுத்த மாதிரிதான், பூட்டு அடையாளம் மேல தெரிஞ்சாலும் அது புரொக்ஸிக்கும் உங்களுக்கும் நடுவுல உள்ள பூட்டு மட்டும்தான். சும்மா கெடைக்கிற விபிஎன் ஆப் பலதும் அப்படித்தான். 2016ல அவுஸ்திரேலியாவோட அரசாங்க ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சிக்காரங்களும் சேந்து 283 ஆண்ட்ராய்ட் விபிஎன் ஆப்ப பிரிச்சுப் பாத்தாங்க, 38 வீதத்துல மால்வேர் அடையாளம் இருந்துச்சு, 18 வீதம் தரவ என்க்ரிப்டே பண்ணல. 2024 மே மாசம் 911 எஸ்5ன்னு ஒரு கூட்டத்தோட வலைய அமெரிக்காக்காரங்க முடக்குனாங்க, அவனுங்க சும்மா விபிஎன் ஆப் குடுத்து, அத போட்டவங்க மெஷின வச்சே களவு வேல செஞ்சிருக்கானுங்க, உலகம் முழுக்க 19 மில்லியன் ஐபி வெலாசம் (நெட்ல ஒரு லைனுக்கு இருக்குற நம்பர்) அதுல மாட்டியிருந்துச்சு. களவு செஞ்சது ஒருத்தன், வெலாசம் காட்டுறது வேற யாரோ வீட்ட. அந்த வெலாசம் உங்க ஸ்கூலோடதா இருந்தா என்ன ஆகும்னு யோசிங்க.

நான் யோசிச்சுத்தான் சொல்லணும்னு இல்ல, பாத்திருக்கேன். மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்துல லயத்துல, தொழிலாளிங்களோட வரிசை வீட்டுல, வளந்தவ நான், நான் படிச்ச ஸ்கூல் பேர சொல்லல. லெப்ல பதினொரு மெஷின், அதுல ஏழு ஓடும், ஒரு மெஷினுக்கு நாலு பேர், கதவுக்கு வெளிய சப்பாத்த கழட்டி வச்சுட்டு நிரையா உள்ள போவோம், கீபோர்ட் மேல பூப்போட்ட சீத்தைத் துணி மூடியிருக்கும். நாங்க ஏ.எல் மொத வருஷம், எங்க பெட்ச் பொடியன் ஒருத்தன் பேஸ்புக் பாக்க புரொக்ஸி எக்ஸ்டென்ஷன் ஒண்ண பென்ல கொண்டாந்து போட்டான். கெட்டவன் இல்ல, கூடப் படிச்சவன், இப்பவும் பேசுவோம். நாலு நாள்ல அந்த மெஷின்ல விளம்பரமா கொட்ட ஆரம்பிச்சுச்சு, ரெண்டாவது வாரத்துல எல்லாப் பென்லயும் ஃபோல்டர் மறஞ்சு ஷோர்ட்கட் வந்துச்சு, ஓ.எல் புள்ளைங்க செஞ்சு வச்சிருந்த புரொஜெக்ட் மொத்தமும் போச்சு. அதிபர் பூட்டு ஒண்ண வாங்கிட்டு வந்து லெப்ப மூடிட்டாரு. ஒரு முழுத் தவணை. வீட்டுல கொம்பியூட்டர் இருந்தவங்க சமாளிச்சாங்க, எங்களுக்கெல்லாம் அந்த ஏழு மெஷின்தான் இருந்துச்சு. எக்செல் ஃபோர்முலாவ நான் கொப்பியில கோடு போட்டு எழுதிப் படிச்சேன்.

அதனாலதான் நான் ஸ்கூல் மெஷின்ல விபிஎன் போட்டுக் குடுக்குறதில்ல. கொழும்புல ஒரு ஸ்கூல்ல லெப் மூடுனா புள்ள வீட்டுக்குப் போய் லெப்டொப்ப தொறக்கும். நம்ம புள்ள லயத்துக்குத்தான் போகும்.

விபிஎன்னே கூடாதுன்னு சொல்ல வரல. 2018 மார்ச்ல கண்டிப் பக்கம் திகனயில நடந்த கலவரத்தோட பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாத்தையும் நாடு முழுக்க மூடுனாங்க, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு அப்புறமும், 2022 ஏப்ரல்ல போராட்ட நேரமும் மூடுனாங்க, அப்ப கண்டியில படிக்கிற புள்ளைய பத்தித் தெரியாம தோட்டத்துல அம்மாமார் பதறுனப்ப விபிஎன்தான் பேச வச்சுச்சு. உங்க சொந்தப் போன்ல, வீட்டுல, தேவன்னா வச்சுக்கங்க, பேர் தெரிஞ்ச நல்ல கம்பனியோடது, புரோட்டோன் மாதிரி, அதுக்கு விளம்பரம் இல்லாத இலவசப் பிளேன் இருக்கு, பிளே ஸ்டோர்லயோ அவங்க சொந்த சைட்லயோ மட்டும் எடுங்க, யாரோ வட்ஸ்அப்ல அனுப்புன ஏபிகே (ஆப் போடுற ஃபைல்) வேணாம். ஸ்கூல் மெஷின் நம்ம சொந்தம் இல்ல, அதுல நடக்குறதுக்கு ஐசிடி சேரும் அதிபரும் பதில் சொல்லணும். அட்மின் பாஸ்வேர்ட கண்டுபுடிக்கிற வேலைக்கு மட்டும் போகவே போகாதீங்க, அனுமதி இல்லாம கொம்பியூட்டருக்குள்ள போறது 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்துல குற்றம்.

இப்ப நிலைச்சு நிக்கிற வழி. ஒண்ணு கேட்டுத் தொறக்கிறது, இன்னொண்ணு கொண்டுபோறது.

கேக்குறதுன்னா "சேர் நெட் வேல செய்யல"ன்னு சொன்னா ஒண்ணும் நடக்காது, அவருக்கு முப்பது வேல. கடதாசியில எழுதிக் குடுங்க, எந்தப் பாடம், எந்த அலகு, எந்த சைட், தடுத்த பக்கத்துல என்ன வகைன்னு இருந்துச்சு, எந்தத் திகதி. வகுப்புல பத்துப் பேர் கையெழுத்து வச்சா நல்லது. ஃபில்டர் வெளியில இருந்து போட்டதா இருந்தா சேரால மாத்த ஏலாது, அப்ப அதிபர் வழியா வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகணும், அதுக்கு உங்க கடதாசிதான் ஆதாரம். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, சைட் பேர் ஒண்ண மட்டும் தொறந்தா பல நேரம் போதாது. யூடியூப் டொட் கொம்ம தொறந்தாலும் வீடியோ வர்றது கூகுள்வீடியோ டொட் கொம்ல இருந்து, சின்னப் படம் வர்றது ஒய்டிஐஎம்ஜி டொட் கொம்ல இருந்து, மூணும் வேணும். விக்கிபீடியாவுக்குப் படம் வர விக்கிமீடியா டொட் ஓர்க் வேணும். நம்ம நூலகம் டொட் ஓர்க்ல மலையகத்தப் பத்தின பழைய புத்தகமும் சஞ்சிகையும் அவ்வளவு இருக்கு, ஆனா பீடிஎஃப் தொறக்குறது நூலகம் டொட் நெட்ல, அதையும் எழுதுங்க. இப்படி முழுசா எழுதிக் குடுத்தா சேர் யோசிக்காம அப்படியே போட்டுருவாரு.

கொண்டுபோறதுதான் எனக்குப் புடிச்ச வழி. கொரோனா நேரம், 2020லயும் 2021லயும், எங்க டிவிசன்ல சிக்னல் இல்லாம தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஏறி அட்டைக்கடிக்கு நடுவுல நின்னு பாடம் எறக்குன தங்கச்சிமார நான் பாத்திருக்கேன், எறக்குனத ஒருத்தி மத்தவளுக்கு புளூடூத்ல குடுப்பா, அப்படியே லயம் முழுக்கப் போகும். லெப்புக்கும் அதே வழிதான். சிக்னல் நல்லா இருக்குற எடத்துல, உங்க பெக்கேஜ்ல நைட் டேட்டா இருந்தா ராத்திரியில, எறக்கி வச்சுக்கங்க. பாடப்புத்தகம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்துல தமிழ்ல பீடிஎஃப்பா இருக்கு, ஆசிரியர் வழிகாட்டி தேசிய கல்வி நிறுவகத்துல, பாஸ்ட் பேப்பர் பரீட்சைத் திணைக்களத்துல, கல்வி அமைச்சோட ஈ-தக்சலாவயில தரம் தரமா பிரிச்சே இருக்கு. பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் ஃபெட்னு கொலராடோ பல்கலைக்கழகம் செஞ்ச சிமுலேஷன் இருக்கு, நெறைய தமிழ்லயும் மாத்தியிருக்காங்க, ஒவ்வொண்ணும் ஒரே ஒரு ஃபைலா எறக்கலாம், பென்ல போட்டு டபுள் கிளிக் பண்ணுனா நெட் இல்லாமயே பிரவுசர்ல ஓடும், மின்சுற்றுல வயர் இழுத்து பல்ப எரிய வச்சுப் பாக்கலாம்.

பெருசா ஒண்ணு செய்யணும்னா கிவிக்ஸ். தமிழ் விக்கிபீடியா முழுசையும் சிம்னு முடியிற ஒரு ஃபைலா எறக்கி, கிவிக்ஸ் ஆப்ல தொறந்தா நெட் இல்லாம தேடி வாசிக்கலாம், போன்லயும் ஓடும் விண்டோஸ்லயும் ஓடும். அதுல ஒரு மெஷின உள்ளூர் சர்வரா ஓட விடலாம், மத்த மெஷின்கள் லெப்புக்குள்ள இருக்குற வயர் வழியா அந்த மெஷினோட ஐபிய பிரவுசர்ல அடிச்சா போதும், லைன் போனாலும் எல்லா மெஷின்லயும் விக்கிபீடியா வரும். இத சேர்கிட்ட சொல்லி அவரோட சேந்து செய்ங்க, ஒரு பின்னேரம் போதும். இங்கிலீஷ் விக்கிபீடியா மாதிரி பெரிய ஃபைல பென்ல கொப்பி பண்றப்ப "ஃபைல் ரொம்பப் பெருசு"ன்னு வந்தா பயப்பட வேணாம், பென் ஃபெட்32ங்கிற பழைய ஃபோர்மட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல எடுக்காது, உள்ள இருக்குறத வேற எடத்துக்கு மாத்திட்டு எக்ஸ்ஃபெட்ங்கிற புது ஃபோர்மட்டுக்கு மாத்துங்க.

பென்ன லெப் மெஷின்ல குத்துறதுக்கு முன்னாடி சேர்கிட்ட குடுத்து ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க, கொமியுனிகேஷன் கடையில பிரிண்ட் எடுக்கப் போட்ட பென்னா இருந்தா கட்டாயம், ஷோர்ட்கட் வைரஸ் அங்க இருந்துதான் அதிகமா வருது. ஏலுமான ஆள் லெப்புக்குன்னே ஒரு பென்ன தனியா வச்சுக்கங்க.

அந்த ரெண்டு தம்பிமாருக்கும் நான் பாஸ்ட் பேப்பர் அஞ்சு வருஷத்தோடத எறக்கி பென்ல போட்டு, ரெண்டு பட்டன் பெட்டரிய சின்ன உறையில வச்சு, எப்படி மாத்துறதுன்னு கடையில இருந்த பழைய போர்ட்ல செஞ்சு காட்டி அனுப்புனேன். திங்கக்கிழம பின்னேரம் கோல் எடுத்தாங்க, ஒரு மெஷின்ல கூகுள் தொறந்துருச்சாம், ரெண்டாவதுல திகதிய மாத்தியும் "சர்வர் கெடைக்கல"ன்னு வருதாம். வயர் ஒழுங்கா குத்தியிருக்கான்னு மெஷினுக்குப் பின்னால பாக்கச் சொன்னேன்.